மார்ச்சுவரி: கோலார் தங்கவயலில் ஓர் இலத்தீன் சொல்

இறந்தோரின் உடலை வைக்கும் ஓர் அறைக்கு நான்கு பெயர்கள் வழங்கக்கூடிய ஊர் கோலார் தங்கவயல். கன்னடத்தில் அது 'சவாகார'. தக்கனி உருதுவில் 'முர்தாகானா'. தமிழ்ச் செய்தித்தாளில் 'பிணவறை' அல்லது 'சவக்கிடங்கு'. பேச்சுத்தமிழில் 'மார்ச்சுவரி'. லைன், ஷாஃப்ட், ஷிப்ட், கேஜ் என்று சுரங்கத்தோடு வந்து தங்கிவிட்ட சொற்களின் வரிசையில் இதுவும் ஒன்று. எழுத்துத்தமிழ் இதற்கு இரண்டு நல்ல மாற்றுச்சொற்களைத் தந்தபின்னும் பேச்சுவழக்கு இதைக் கைவிடவில்லை. 'பிணவறை' என்று வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடத்தில் 'மார்ச்சுவரி' எளிதாக வந்துவிடுகிறது. பொருள் விளங்காத சொல்லுக்கு அந்த வசதி உண்டு.

பொருள் விளங்கினால் அது அத்தனை அயற்சொல்லும் அன்று. இலத்தீனில் 'இற' என்னும் வினை 'மோரியோர்'. வடிவில் செயப்பாட்டு வினை, பொருளில் செய்வினை. இறப்பைச் செய்வதா படுவதா என்பதில் இலத்தீன் இலக்கணமே இரண்டுபட்டு நிற்கிறது போலும். இதன் எச்ச வடிவம் 'மோர்த்துவுஸ்', அதாவது இறந்த, இறந்தவர். ஒலி விதிப்படி இது 'மோர்த்துஸ்' என்றே இருந்திருக்க வேண்டும். இடையில் நுழைந்த உகரம் 'உயிருள்ள' என்று பொருள்படும் 'வீவுஸ்' என்ற சொல்லின் ஒப்புமையால் வந்தது என்பர். ஸ்லாவிய மொழிகளிலும் இதே மாற்றம் காணப்படுகிறது. இறந்தவனுக்கான சொல் தன் ஈற்றை உயிருள்ளவனுக்கான சொல்லிடமிருந்து பெற்றிருக்கிறது. அந்த 'வீவுஸ்' வடமொழிச் 'ஜீவ' என்பதன் உறவு; தமிழில் நாம் வழங்கும் சீவனும் அதுவே.

'மோர்த்துவுஸ்' என்பதன் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பரவலாக உள்ளது. வடமொழியில் அது 'ம்ரு'; அதிலிருந்தே மரணம், மிருத்யு, மிருதம் ஆகியவை பிறந்தன. 'மிருதம்' என்பதன் எதிர்மறையே அமிர்தம். பாரசீகத்தில் அதே வேர் 'முர்தன்' என்றும் 'முர்தா' என்றும் ஆயிற்று. எனவே மரண அறிவிப்பு, முர்தாகானா, மார்ச்சுவரி ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து மூன்று வழிகளில் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தவை: ஒன்று வடமொழி வழி, ஒன்று பாரசீக வழி, ஒன்று இலத்தீனும் ஆங்கிலமும் வழி. இக்குடும்பத்தில் சேராதது 'பிணம்'. அது திராவிடச் சொல். கன்னடத்தில் பழைய 'பெண', இன்றைய 'ஹெண', தெலுங்கில் 'பீனுகு'.

'சவக்கிடங்கு' என்பதில் பாதி வடமொழி, பாதி தமிழ். கிடங்கு, 'கிட' என்னும் வினையடியாகப் பிறந்தது. சரக்குகளை வைக்கும் அறை என்ற பொருளில் இது கடல் கடந்து மலாய் வழியாக ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆயிற்று என்பது பலர் ஏற்கும் கருத்து. சரக்குக்கும் சவத்துக்கும் ஒரே சொல்லா என்று இந்தக் கூட்டுச்சொல்லைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் கிடத்தல் என்ற மூலப்பொருளை நினைத்தால் சொல் பொருத்தமானதே.

'மார்ச்சுவரி' தமிழுக்கு ஏட்டின் வழி வரவில்லை, செவியின் வழி வந்தது. எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்திருந்தால் 'மார்த்துவரி' போன்ற ஒரு வடிவம் கிடைத்திருக்கும். ஆங்கிலேயர் நாவில் 'து' ஒலி 'ச்சு' ஆகத் திரிந்ததையே தமிழ்ச் செவி பிடித்தது. முதலெழுத்தின் ஓகாரம் ஆகாரமானதும் வழக்கமான மாற்றமே. ஆபீஸ், காலேஜ், கார்ப்பரேஷன் ஆகியவற்றில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது. மலையாளம் ஓகாரத்தைக் காத்து 'மோர்ச்சரி' என்கிறது.

இதுவரை சொன்னது ஒலியின் வரலாறு. பொருளின் வரலாறு இதைவிட வியப்பானது. இடைக்கால இலத்தீனில் 'மோர்த்துவாரியும்' என்றால் பிணவறை அன்று. ஒருவர் இறந்தால் அவருடைய உடைமையிலிருந்து பங்குத் திருச்சபையின் குருவுக்குச் செலுத்த வேண்டிய பொருள் அது. இறந்தவர் வாழ்நாளில் கொடுக்கத் தவறிய காணிக்கைகளுக்கு ஈடு என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. இங்கிலாந்தின் பல ஊர்களில் இறந்தவனின் சிறந்த கால்நடை நிலவுடைமையாளனுக்கு. அடுத்த சிறந்தது குருவுக்கு. கால்நடை இல்லாதவனிடம் ஆடை. ஆங்கிலத்தில் 'மார்ச்சுவரி' என்ற சொல் சில நூற்றாண்டுகள் இந்தப் பொருளில்தான் வழங்கியது. இடத்தைக் குறிக்கும் அக்வேரியம் போன்ற சொற்களின் ஈற்றை இதிலும் கண்டு, 'இறந்தோர் இருக்கும் இடம்' என்றே இலத்தீனில் பொருள் என எழுதுவோர் உளர். அது சரியன்று. இலத்தீனில் அந்த ஈறு உரிமையையும் தொடர்பையும் காட்டுவது. 'இறந்தவர்க்குரியது' என்பதே அதன் நேர்ப்பொருள். இறந்தவர்க்குரியது எப்படி இறந்தவரிடமிருந்து எடுக்கப்படுவதாயிற்று என்பது சொல்லாய்வாளரைவிடச் சமூக வரலாற்றாளர் விடை சொல்ல வேண்டிய வினா.

அந்த வினாவின் உச்சமாக இலண்டனில் ஒரு வழக்கு எழுந்தது. 1511ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹன் என்ற வணிகரின் கைக்குழந்தை இறந்தது. குழந்தையைப் போர்த்தியிருந்த ஞானஸ்நானத் துணியை 'மோர்த்துவாரியும்' என்று குரு கேட்டார். ஐந்து வாரக் குழந்தைக்கு உடைமை ஏது, துணி தகப்பனுடையது என்று ஹன் மறுத்தார். வழக்குத் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போனது; ஹன் அரச நீதிமன்றத்தில் எதிர்வழக்குத் தொடுத்தார். பின்னர் சமயத் துரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, 1514 டிசம்பரில் ஆயரின் சிறையில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். உடலைப் பார்வையிட்ட மரண விசாரணைக் குழுவினர் அது தற்கொலை அன்று, கொலை என்று முடிவு கூறினர். திருச்சபையோ இறந்தவர் மீதே விசாரணை நடத்தி உடலை எரித்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1529இல், எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் இந்தக் கட்டணத்துக்கு வரம்பு கட்டியது. பத்து மார்க்குக்குக் குறைவான உடைமை உள்ளவர்க்குக் கட்டணமே இல்லை. எவரிடமும் பத்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது.

இறந்தவர்க்குக் கோடித்துணி கொண்டுபோவது தமிழ் வழக்கம். இறந்த குழந்தையின் துணியை உரிமையாகக் கேட்ட ஒரு வழக்கத்தின் பெயர், அத்தமிழர் வாயில் இன்று பிணவறையின் பெயராக வழங்குவது வரலாற்றின் விநோதம்.

இடப்பொருள் மிகப் பிந்தியது. ஆங்கிலத்தில் அது 1860களில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் மருத்துவமனைகளில் அந்த அறைக்குப் பெயர் 'டெட் ஹவுஸ்', இறந்தோர் வீடு. மாற்றத்துக்குக் காரணம் நாகரிகக் கூச்சம் மட்டும் அன்று. தொழிற்புரட்சிக் கால நகரங்களில் ஒற்றை அறையில் வாழ்ந்த குடும்பங்கள், அடக்கச் செலவுக்குப் பணம் சேரும் வரை உடலை அதே அறையில் நாள்கணக்கில் வைத்திருந்தன. எட்வின் சாட்விக் 1843இல் அளித்த அறிக்கை இதை விரிவாகப் பதிவு செய்து, உடல்களைப் பெற்று வைக்கப் பொது இல்லங்கள் வேண்டும் என்றது. ஜெர்மனியில் அப்போதே அத்தகைய இல்லங்கள் இருந்தன; அவற்றை எழுப்பியது உயிரோடு புதைத்துவிடுவோமோ என்ற அச்சம். 1866ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு இதற்கான அதிகாரம் தந்தது. புதிய பொதுக்கட்டடத்துக்கு 'இறந்தோர் வீடு' என்ற பச்சைப் பெயர் பொருந்தாதென்று கருதியோ என்னவோ, வழக்கொழிந்துகொண்டிருந்த இலத்தீன் சொல் எடுத்தாளப்பட்டது. கட்டணம் மறைந்து, கட்டடம் வந்தது.

'மோர்க்' என்ற மற்றொரு சொல்லையும் இத்துடன் சேர்த்து இலத்தீன் வேர் கற்பிப்பது வழக்கமாகிவிட்டது. அது பிழை. 'மோர்க்' பிரெஞ்சுச் சொல்; இறுமாப்போடு உற்றுநோக்குதல் என்ற பொருளுடையது. பாரிஸின் சாத்தலே சிறையில் புதிதாக வரும் கைதிகளைக் காவலர்கள் முகம் நினைவில் நிற்கும்படி உற்றுப்பார்க்கும் அறைக்கு அந்தப் பெயர். பின்பு அடையாளம் தெரியாத உடல்களைப் பொதுமக்கள் பார்த்து இனங்காணும் இடத்துக்கும் அதே பெயர் சென்றது. பாரிஸ் மோர்க்கில் கண்ணாடிக்கு அப்பால் கிடத்திய உடல்களைக் காணக் கூட்டம் அலைமோதியது. 1907இல்தான் பொதுப்பார்வை நிறுத்தப்பட்டது. சவப்பரிசோதனையைக் குறிக்கும் 'ஆட்டாப்சி' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் தன் கண்ணால் காண்டல் என்பதே பொருள்.

தங்கவயலில் ஒலித்த இன்னொரு 'மோர்ட்' உண்டு. தாதுக்கல்லை இடிக்கும் ஸ்டாம்ப் மில்லில் இரும்புலக்கைகள் விழும் பெட்டிக்கு 'மார்ட்டர் பாக்ஸ்' என்று பெயர். அது இலத்தீன் 'மோர்த்தாரியும்', அதாவது உரல். நசுக்குதல், தேய்த்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து அது வந்தது என்பர். அந்த வேரும் இறத்தலின் வேரும் தொடக்கத்தில் ஒன்றா என்பதில் அறிஞரிடையே உடன்பாடில்லை. மொழியியல் இவ்விரு சொற்களையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஊரின் வரலாறு அப்படிப் பிரிக்க விடவில்லை.

அவ்வரலாறு சுருக்கமாக இது. மைக்கேல் லெவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தொடங்கிய முயற்சி, 1880க்குப் பின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து பெருந்தொழிலாயிற்று. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்கள் எழுந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவருள்ளும் பெரும்பகுதி தலித் மக்கள். கார்ன்வாலிலிருந்து ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளரும் இத்தாலியரும் வந்தனர். மூங்கில் தட்டிகளால் ஆன ஒற்றை அறைக் குடிசைகள் வரிசையாக அமைந்து 'லைன்' எனப்பட்டன; சாட்விக் வருணித்த அறைகளுக்கு அவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. கத்தோலிக்கக் கோவில்களில் இறந்தோருக்கான பூசை 1960கள் வரை இலத்தீனிலேயே நடந்தது. ஆகவே இலத்தீன் இங்கு ஏட்டுமொழி மட்டும் அன்று. அடக்கத்தின்போது காதில் விழுந்த மொழி.

ஆழம் கூடக்கூட மரணமும் கூடியது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப்பில், அழுத்தம் தாளாத பாறை தானாகவே வெடித்துச் சிதறும். முற்காலத்தில் இதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். பொறியியலார் பின்னர் 'ராக் பர்ஸ்ட்' என்றனர். அதில் சிக்கியவர் உடல் மேலே வந்தால், அடுத்து அது போகுமிடம் கம்பெனி மருத்துவமனையின் மார்ச்சுவரி.

ஏன் அங்கே போக வேண்டும்? விடை சட்டத்தில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி, விபத்தில் இறந்தவரின் உடலை ஊரார் இருவரேனும் உடனிருக்கக் காவல் அலுவலர் பார்வையிட்டு அறிக்கை எழுத வேண்டும். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வழியில் அழுகிப் பரிசோதனை பயனற்றுப் போகாத அளவுக்குத் தட்பவெப்பமும் தொலைவும் இடங்கொடுத்தால் மட்டும் அனுப்பலாம் என்று அந்தப் பிரிவு நிபந்தனையும் விதிக்கிறது. இந்தியக் கிராமங்களில் பலருடைய மரணம் இந்த ஒரு தொடரால் ஆராயப்படாமலே போயிருக்கும். மைசூர் சமஸ்தானம் பின்பற்றியதும் இதே மாதிரியைத்தான். தங்கவயலில் மருத்துவமனை அருகிலேயே இருந்தது, தொலைவு தடையாகவில்லை. அந்த அறையில் எழுதப்பட்ட தாளே மரணத்துக்குக் காரணம் வேலைதான் என்பதற்குச் சான்று. இழப்பீட்டுக் கோரிக்கை அங்கிருந்தே தொடங்கும்.

குருவுக்குக் குடும்பம் கொடுக்க வேண்டியதைக் குறித்த சொல், குடும்பத்துக்குக் கம்பெனி கொடுக்க வேண்டியது தீர்மானிக்கப்படும் இடத்தைக் குறிக்கலாயிற்று. சொல்லின் திசை முழுமையாகத் திரும்பிவிட்டது போலத் தோன்றும். முழுமையாக அன்று. மார்ச்சுவரிக்கு வந்த மரணங்களைவிட, வராத மரணங்களே தங்கவயலின் பெரிய கணக்கு.

அதை விளக்க இன்னொரு இலத்தீன் சொல் தேவைப்படுகிறது. 'சிலெக்ஸ்' என்றால் தீக்கல். தங்கவயலின் பொன் படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸில் ஓடியது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகி, மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும். இத்தாலிய மருத்துவர் விஸ்கோன்ட்டி 1870இல் இந்நோய்க்குச் 'சிலிக்கோசிஸ்' என்று பெயரிட்டார். தூசி படிந்த நுரையீரலுக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். எனவே இறுதியில் சான்றிதழில் எழுதப்படுவது காசநோய் என்றோ நிமோனியா என்றோ இருக்கலாம்.

பாறை வெடிப்பு ஒரு நொடியில் கொல்லும். இந்நோய்க்கு ஆண்டுகள் தேவை. அதற்குள் தொழிலாளி வேலைக்குத் தகுதியற்றவனாகி நின்றிருப்பான். வேலை போனால் லைனில் வீடும் நிலையில்லை. குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பியவன் அங்கே இறந்தால், அது வீட்டு மரணம். காவல் அறிக்கை இல்லை, பரிசோதனை இல்லை, மார்ச்சுவரி இல்லை. சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ நேரே போய்விடும் உடலில் தூசியின் சான்றும் போய்விடும். பிரிட்டிஷ் இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய்களுக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தது. அதில் முதலில் இடம்பெற்றவை ஆந்திராக்ஸ், ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு ஆகியவை. கல்தூசி நோய் இல்லை. மைசூர் அரசு அதை இழப்பீட்டுக்குரியதாக ஏற்றது 1940களில். அப்போது தங்கவயல் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 1947இல் வெளிவந்த ஆய்வு, சோதிக்கப்பட்டவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் கண்டது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றி வெளிவந்த முதல் பெரிய ஆய்வாக அது இன்றும் சுட்டப்படுகிறது. சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அந்த அறுபது ஆண்டுகளில் எத்தனை நுரையீரல்கள் எவரும் பாராமல் மண்ணுக்குள் போயின என்பதற்கு எந்த ஆவணக் காப்பகமும் விடை தராது.

தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே 1910களிலேயே சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்கு இழப்பீட்டுச் சட்டங்கள் வந்துவிட்டன. இறந்தவரின் இதயத்தையும் நுரையீரலையும் உறவினர் இசைவுடன் ஜோகன்னஸ்பர்குக்கு அனுப்பிப் பரிசோதித்து, இறந்தபின்னும் நோயை உறுதிசெய்து குடும்பத்துக்கு ஈடு பெறும் வழி உண்டு; இன்றும் உள்ளது. ஆயினும் அதன் பயன் நெடுங்காலம் வெள்ளையருக்கே மிகுதியாகக் கிட்டியது. கறுப்பினத் தொழிலாளர் நோய் முற்றியதும் லெசோத்தோவுக்கும் மொசாம்பிக்குக்கும் திரும்பி அங்கேயே இறந்தனர். வட ஆர்க்காட்டுக்கு நடந்ததே அங்கும் நடந்தது. சட்டம் இருந்தும் உடல் மார்ச்சுவரியை அடையாவிட்டால் பயனில்லை. தங்கவயலில் நெடுங்காலம் சட்டமும் இல்லை.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் மாநில அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மருத்துவமனையும் படிப்படியாகப் பாழடைந்தது. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ஊரின் தன்னார்வலர்கள் கூடி அந்தப் பழைய கட்டடத்தைச் சுத்தம் செய்து சிகிச்சைக்குத் தயார்படுத்தினர்.

இச்சொல்லுக்குத் தமிழ் வழக்கில் மட்டும் ஏற்பட்ட ஒரு வளர்ச்சி தனியே ஆராயத்தக்கது. விபத்திலோ பணியிடத்திலோ ஒருவர் இறந்தால், இழப்பீடு அறிவிக்கும்வரை 'உடலை வாங்க மறுத்து' உறவினர்கள் மார்ச்சுவரி வாசலில் அமர்வது தமிழ்ச் செய்திகளில் நிலைத்துவிட்ட தொடர். உடலைப் 'பெறுதல்' என்று எழுதினாலும் பேச்சில் 'பாடி வாங்குதல்' என்பதே வழக்கு. கடைச்சரக்குக்கும் கூலிக்கும் வழங்கும் அதே வினை. இங்கே உடலே பிணைப்பொருளாக வைக்கப்படுகிறது. வைப்பது குருவோ கம்பெனியோ அன்று, குடும்பம். அடகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'மார்ட்கேஜ்' என்பதற்குச் சொற்பொருள் 'இறந்த பிணை'. அதன் முன்பாதியும் 'மோர்த்துவுஸ்' வழி வந்ததே. ஈயம், கல்தூசி, வெப்பம், வீழ்ச்சி எதுவாயினும், உடல் அந்த அறையில் இருக்கும் ஓரிரு நாள்களே பேரம் பேசக்கூடிய காலம் என்பதை அமர்ந்திருப்போர் நன்கு அறிவர். உடலை வாங்கிச் சென்றபின் அவர்களிடம் எஞ்சுவது மார்ச்சுவரியில் தந்த ஒரு தாள்.